எழுவாய்

நகராட்சிக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுகிறவள் நான்.
இருமலைத் தவிர
எல்லாம் பதிவாக வேண்டும் என்பது விதி.

மார்ச்சில், சாக்கடைக் குழாய்க்காகப்
பழைய பால்பண்ணை முற்றத்தைத் தோண்டினார்கள்.
மூன்றாவது பாளத்தைப் புரட்டிய வித்தெக்
வாயிலிருந்து சிகரெட்டை எடுத்தான்.
கல்லின் அடிவயிற்றில் எழுத்து,
வலமிருந்து இடமாக.
எழுபது ஆண்டு குப்புறக் கிடந்த எழுத்து.
அதன் வளைவுக்குள் இன்னொரு வளைவாய்
ஒரு மண்புழு.

மாலைக்குள் நாற்பத்தொன்று.

வார்சாவிலிருந்து ஸைஃப்மன் வந்தார்.
மழைக்கோட்டோடு மண்டியிட்டு
முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைச் சாய்த்துச் சாய்த்து
நிழலில் படித்தார்.
முறிந்த மெழுகுவத்தி என்றால் பெண்.
சாய்ந்த குடம் என்றால் லேவியர்.
ஃப்ரூமா, எல்கானாவின் மகள்.
ஸெலிக், தோல் பதனிட்டவர், தராசில் பொய் சொல்லாதவர்.
ஒருவருக்கு "மகன்" என்பது மட்டும் மிச்சம்,
யாருடைய மகன் என்பது உடைந்த பக்கத்தில்.
ஒரு குழந்தை. கல்லும் அவ்வளவுதான் இருந்தது,
வித்தெக் ஒரு கையால் தூக்கினான்,
பிறகு என்ன நினைத்தானோ, இரண்டு கையாலும்.

கல்லறை மேடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
அங்கே ஒரு கல்லும் இல்லை, பைன் மரங்கள்.
பனிக்காலத்தில் நாங்கள் சறுக்கி விளையாடிய சரிவு.
அங்கே மட்டும் ஏன் குழி குழியாய் இருக்கிறது என்று
கேட்டதில்லை.
வண்டி துள்ளும். அது பிடித்திருந்தது.

நினைவுச் சுவருக்கு ஒரு வாசகம் வேண்டும்.
அதற்கு ஆறு கூட்டம்.
முதல் வரைவு: "கற்கள் காலப்போக்கில் மறைந்தன."
கல்லுக்குக் கால் உண்டா என்றார் மருந்துக்கடை ஹிலாரியா.
அடுத்தது: "அந்நியப் படையால் அகற்றப்பட்டன."
உண்மைதான், முதல் இருநூறு.
படை போன பின்னும் கற்கள் போய்க்கொண்டிருந்தன:
சாணைக்கல்லாக, கிணற்று விளிம்பாக,
பன்றிக்கொட்டிலின் தரையாக.
மேயர் கடிகாரத்தைப் பார்த்தார்.
கடைசியில் எல்லாரும் கை தூக்கிய வரி:
"எடுத்துச் செல்லப்பட்டன."
பயனிலை இருக்கிறது. எழுவாய் இல்லை.
அப்படியே தட்டச்சு செய்து
முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

எங்கள் வாசற்படி
தெருவில் மற்றப் படிகளைவிட அகலம்.
ஒரு முனை அரைவட்டம்.
பூட்ஸ் மண்ணை அந்த வளைவில்தான் வழித்துவிடுவோம்.
என் கல்யாணப் படம் அதன் மேல் நின்று எடுத்தது.

ஞாயிறு, மாதா கோயில் மணி அடிக்கும்போது
நான் கடப்பாரையோடு இருந்தேன்.
புரட்டினேன். அடியில் ஒன்றுமில்லை.
அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
ஸைஃப்மன் மேல்பக்கத்துக்குக் கண்ணாடியைப் பிடித்தார்.
வளைவுக்குக் கீழே, ஓரத்தில் தப்பியவை
இரண்டே எழுத்து: பே, நூன்.
இங்கே அடக்கம் என்று அர்த்தம்.
யார்?
"பெயர் அடுத்த வரியில் இருக்கும்" என்றார்.
அடுத்த வரியில் வழவழவென்று ஒரு பள்ளம்.
என் கால், என் பிள்ளைகள் கால்,
அஞ்சல்காரர் கால்.

கல் கொடுப்பவர்களுக்கு ஒரு பதிவேடு உண்டு.
பலர் "பெயர் வேண்டாம்" என்று எழுதியிருந்தார்கள்.
நான் லுத்மிலா என்று எழுதினேன்.
பிறகு அலுவலகத்துக்குத் திரும்பி
ஆறாவது கூட்டத்தின் குறிப்பில்
யாரும் பேசாத ஒரு வரியைச் சேர்த்தேன்:
"எங்கள் கல்லை என் அப்பா எடுத்தார்,
ஐம்பத்து மூன்றில், கைவண்டியில்."

அடுத்த கூட்டத்தில்
சென்ற குறிப்பு வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டு
ஒருமனதாக ஏற்கப்பட்டது.

சுவர் நிற்கிறது. அந்தக் கல் அதில்
இடமிருந்து நான்காவது, வழுக்கையாக.
வாசலில் இப்போது ஒரு பலகை போட்டிருக்கிறோம்.
ஆனாலும் இருட்டில் வீடு திரும்பும்போது
கால் ஒரு சாண் உயரம் தூக்கி
இல்லாத இடத்தில் மிதிக்கிறது.